பட்டிக்குள் ஒளிந்திருந்த ஒரு மில்லி: அப்பாவின் கிட்டாரைப் பிரித்துச் சேர்த்த கதை

எங்கள் வீட்டுக் கிட்டாரில் எனக்கு முன்னால் நான்கு பேர் கை வைத்திருக்கிறார்கள். ஒருவர் கம்பிகள் ஏறி உட்காருகிற சின்னத் துண்டான சேடிலைத் தேய்த்தார். ஒருவர் அந்தச் சேடில் நிற்கிற மரக்கட்டையான பிரிட்ஜை இழைத்தார். ஒருவர் பிரிட்ஜைத் துளைத்து இரண்டு போல்ட் முடுக்கினார். கடைசி ஆள், நெக், அதாவது கிட்டாரின் நீளக் கழுத்து, உடம்போடு சேருகிற இடத்தில் பட்டி பூசி அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். நாலு பேரும் மல்லுக்கட்டியது ஒரே கோளாறோடுதான்: கம்பி உயரமாக நிற்கிறது, அழுத்தினால் விரல் வலிக்கிறது. கோளாறு இருந்த இடத்தை மட்டும் முதல் மூவரும் பார்க்கவில்லை, பார்த்த நாலாவது ஆள் மூடி வைத்துவிட்டார்.

2024 மே மாதம் நானும் அப்பாவும் அதைப் பிரித்துச் சேர்த்தோம். அளவுகளோடும் என் சொதப்பலோடும் முழுசாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதே மாதிரி ஒரு கல்கத்தா கிட்டார் பரணில் கிடக்கிற வீடு திருச்சியில் எங்களுடையது மட்டுமாக இருக்காது.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனையை 1928-இல் பொன்மலைக்கு மாற்றியபோது அதைச் சுற்றி ஓர் ஊரே முளைத்தது, அதில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கணிசம். ரயில்வேக்காரர்களின் கிளப்பான இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ், கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாட்டு, எல்லாவற்றிலும் கிட்டார். எழுபதுகளில் அவர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா வேலை பார்த்த ஷாப்பின் மேற்பார்வையாளரான சார்ஜ்மேன் 1974-இல் பெர்த்துக்குப் போகும்போது இதை 150 ரூபாய்க்குக் கொடுத்தார், இரண்டு தவணை. அதற்கு முன்பே மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆறேழு கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற விரல் பிடிப்பு) சொல்லிக்கொடுத்திருந்தாராம். உள்ளே ஒட்டியிருந்த லேபிளை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது, "கல்கட்டா" என்கிற சொல்லும் ஏதோ ஒரு தெருப்பெயரின் வால் பாதியும்தான் மிச்சம். லால்பஜார் பக்கத்து வாத்தியக் கடைகளில் ஒன்றாக இருக்கலாம் என்பது அப்பாவின் ஊகம். செய்தவர் யாரென்று தெரியாததால், உள்ளே எப்படி இணைத்திருப்பார்கள் என்பதும் தெரியாது. இது பின்னால் என்னைக் கடித்தது.

1997-இல் அப்பா வாசிப்பதை நிறுத்தினார். யாரும் காரணம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிட்டார் ரெக்சின் உறைக்குள் போய், பரணில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஒன்றரை அடி கீழே படுத்துக்கொண்டது. கம்பிகளைத் தளர்த்தவில்லை. கம்பி தொங்கினால் நெக் பின்பக்கம் வளைந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு கேஜ் செட் ஒன்று (முதல் கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு) சரியான சுருதியில் நிற்கும்போது ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஒரு வளர்ந்த ஆள் தலைப்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்கிற மாதிரி. மேலே திருச்சி வெயில். மரப்பசைகள் பலவற்றுக்கு இந்த இரண்டும் சேர்ந்தாலே போதும், உடைய வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். நழுவல் அவர் வாசித்த காலத்திலேயே தொடங்கிவிட்டது, பரணில் கிடந்த இருபத்தேழு வருஷம் மிச்சத்தையும் செய்தது.

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது இறங்கியது. அப்பா உறையைத் தட்டிவிட்டு, "இதை எடைக்குப் போட்டா இருநூறு ரூபா வராது பாப்பா" என்றார். ஆனால் உறை ஜிப்பை அவரேதான் திறந்தார்.

மேஜையில் வைத்துப் பார்த்தது

முதலில் பேச்சே கிடையாது, அளவு மட்டும். ஃபிட்டர் வீட்டில் அதற்குக் கருவிக்குப் பஞ்சமில்லை. நான் மில்லிமீட்டரில் சொல்வேன், அப்பா நூலில் சொல்வார், மெல்லிய அளவு என்றால் தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. தச்சு வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, மூன்று மில்லிக்குக் கொஞ்சம் கூட.

ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கோடு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 4.7 மில்லி, அதாவது ஒன்றரை நூல். இரண்டரை மில்லி இருந்தால் சுகமாக வாசிக்கலாம். சேடில் பிரிட்ஜுக்கு மேலே ஒன்றரை மில்லிதான் எட்டிப் பார்த்தது, அதற்குமேல் தேய்க்க அதில் ஒன்றுமில்லை. பிரிட்ஜின் தடிமன் 8 மில்லி, ஓரத்தில் இழைப்புளி ஓடிய தடம் இன்னும் இருந்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் மேல் பலகை 5 மில்லி புடைத்திருந்தது. செல்போன் கேமராவைச் சத்தத்துளைக்குள் விட்டுப் பார்த்தால் குறுக்குச் சட்டங்கள் ஏணிப்படி போல வரிசையாக, அதில் இரண்டு ஒரு முனையில் பிரிந்து தொங்கின. போல்ட் வந்து முடிகிற இடத்தில் பிரிட்ஜுக்கு அடித் தகடு கிழிந்து நார்நாராக இருந்தது. மேல் பலகை ஒட்டுப்பலகைதான், சத்தத்துளை விளிம்பில் மூன்று அடுக்கு தெளிவாகத் தெரிகிறது. நெக்கின் பின்புறம் காந்தம் வைத்தால் ஒட்டியது, உள்ளே இரும்புப் பட்டை இருக்கிறது. ஆனால் முடுக்கிச் சரிசெய்கிற ராட் இல்லை. நெக் வளைவு ஏழாவது ஃப்ரெட்டில் 0.45 மில்லி. அது கொஞ்சம் அதிகம், ஆனால் குற்றவாளி அது இல்லை.

பிறகு ஸ்டீல் ரூலை ஃப்ரெட்டுகள் மேல் படுக்க வைத்துப் பிரிட்ஜ் பக்கம் நீட்டினேன். நெக்கின் கோணம் சரியாக இருந்தால் ரூலின் நுனி பிரிட்ஜின் மேல்மட்டத்தைத் தடவிக்கொண்டு போக வேண்டும். இங்கே பிரிட்ஜின் காலடியில், மேல் விளிம்புக்கு 7 மில்லிக்கும் கீழே போய் முட்டியது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. பன்னிரண்டாவது ஃப்ரெட் என்பது கம்பியின் நட்டநடுப் பாதி. அங்கே ஒரு மில்லி இறங்க வேண்டுமென்றால் சேடிலில் இரண்டு மில்லி இறக்க வேண்டும். எனக்குத் தேவை 2.2 மில்லி. அப்படியென்றால் சேடிலில் 4.4 மில்லி இறக்கம், இருப்பதோ ஒன்றரை. எனக்கு முன்னால் வந்தவர்கள் இந்தக் கணக்கைத்தான் வேறு வேறு வழியில் போட்டிருக்கிறார்கள். சேடில் தீர்ந்ததும் பிரிட்ஜை இழைத்தார்கள், இழைத்து மெலிந்த பிரிட்ஜ் கம்பியின் இழுப்புக்குத் தூக்கிக்கொண்டதும் போல்ட் போட்டார்கள், போல்ட் அடித் தகட்டைக் கிழித்ததும் பலகை புடைத்தது, பலகை புடைத்ததும் கம்பி இன்னும் உயர்ந்தது.

நெக்கின் குதிகால், அதாவது உடம்போடு சேருகிற அடிப்பகுதி, அங்கே பெயின்ட் கொஞ்சம் பளபளப்பாக இருந்தது. மற்ற இடமெல்லாம் மங்கல். தலைப்பக்கத்தை லேசாக மேலே இழுத்தேன், பெயின்டில் முடி அளவு கோடு ஒன்று திறந்து மூடியது. மூலையில் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. சுவருக்குப் பூசுகிற பட்டி. சந்துகளை அளக்கிற மெல்லிய தகடுக் கட்டு, ஃபீலர் கேஜ், அதை விட்டுப் பார்த்தேன். சரியாக ஒரு மில்லி.

ஒரு மில்லியா, அதற்கா இவ்வளவு என்று தோன்றும். கம்பி நீளம் 648 மில்லி. உடம்பு தொடங்குகிற பதினான்காவது ஃப்ரெட்டிலிருந்து சேடில் வரை 289 மில்லி. குதிகாலின் உயரம் 85. கத்தரிக்கோல் மாதிரி, குதிகாலில் ஒரு மில்லி திறந்தால் சேடில் பக்கத்தில் 289-ஐ 85-ஆல் வகுத்த அளவு, 3.4 மில்லி, தப்பிப்போகும். தேவைப்பட்ட 4.4-இல் பெரும்பகுதி இந்தச் சந்துக்குள்ளேதான் இருந்தது. பலகைப் புடைப்பைக் கொஞ்சம் அமுக்கினால் மிச்சமும் வந்துவிடும்.

காகிதத்தில் கணக்கைப் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "அப்ப எனக்கு விரல் போகலியா?" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார், நாற்பத்தேழு வயசில், ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டிய எஃப் கார்டைப் பிடிக்க முடியாமல் போனதும் இத்தனை வருஷம் அரம் பிடித்ததில் விரல் நரம்பு செத்துவிட்டது என்று நினைத்துத்தான் மேலே போட்டாராம்.

எதைத் தொடுவது, எதை விடுவது

பணக்கணக்கு பார்த்தால் இந்த வேலையே கூடாது. சந்தையில் இதற்கு விலையே கிடையாது, எட்டாயிரம் ரூபாய்க்கு இதைவிட நல்ல புதுக் கிட்டார் வரும். அதைத் தெரிந்துகொண்டேதான் இறங்கினோம். ஆனால் எதையெல்லாம் மாற்றக் கூடாது என்று முதலிலேயே எழுதி வைத்தது நல்லதாகப் போயிற்று, வேலை சூடு பிடித்ததும் கை துறுதுறுக்கும். பாலிஷைத் தொடுவதில்லை, வலது முழங்கை உரசி மரம் தெரிகிற இடம் உட்பட. பித்தளை ஃப்ரெட்டுகளைப் பிடுங்குவதில்லை, அரம் போட்டு மட்டம் மட்டும். தலைப்பக்கத்தில் கம்பிகள் ஏறிப் போகிற சின்னத் துண்டான நட்டும் அப்படியே. நட் எலும்பு இல்லை, 1979-இல் அப்பா ஒர்க்‌ஷாப் கழிவுப் பித்தளையில் அறுத்து அராவியது, கம்பி உட்காருகிற ஆறு வெட்டும் அவர் கை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூன்றாவது வெட்டு மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அன்றைக்கு ஷிஃப்ட் சங்கு ஊதிவிட்டதாம். இரண்டாவது கம்பியைச் சுருதிக்கு முறுக்குகிற கீ உடைந்துபோய் அதற்கு ஹைலம் என்கிற கெட்டித் தகட்டில் ஒரு குமிழ் செய்து போட்டிருக்கிறார், அதுவும் இருக்கட்டும்.

விரல் பலகையைத் துடைத்தபோது பஞ்சு கறுப்பாக வந்தது. அப்பா ஐம்பது வருஷமாகக் கருங்காலி என்று சொல்லிக்கொண்டிருந்தது சாயம் ஏற்றிய ஏதோ வெளிர் மரம். ஆனால் பிரிட்ஜ் நிஜமான ஈட்டி. இதில் அப்பாவுக்கு ஒரு சந்தோஷம், எனக்கும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற இந்த மரத்துக்குத்தான், பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானதும், அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனியே 1969 கடைசியில் மாறியது. ஆகவே அந்தப் பிரிட்ஜைத் தூக்கிப் போடுவதில்லை, இழைத்திருந்தாலும் துளைத்திருந்தாலும்.

தஞ்சாவூர் போய்வந்தது

சட்டங்களை எதை வைத்து ஒட்டுவது என்பதில் எனக்குக் குழப்பம். தச்சர்கள் போடுகிற வெள்ளைப் பசை கட்டிலுக்கும் கதவுக்கும் சரி, ஆனால் நாள்முழுக்க இழுப்பு இருக்கிற இடத்தில், அதுவும் சூட்டில், அது ரப்பர் மாதிரி நகரும். பழைய வாத்தியங்களில் போட்டது வச்சிரம், மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகும், நகராது, வேண்டுமென்றால் சூடும் ஈரமும் காட்டிப் பிரிக்கலாம். வேலைக்கு யார் கையில் பழக்கம் இருக்கும் என்று யோசித்து, தஞ்சாவூரில் வீணை செய்கிற ஆசாரி ஒருவரிடம் போனோம்.

அவர் கிட்டாரைக் கையில் வாங்கியதும் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். ஃப்ரெட்டுகளைப் பார்த்துச் சிரித்தார். வீணையில் மெட்டுகளை மெழுகில்தான் உட்கார வைப்பார்கள். கரி கலந்த தேன்மெழுகை வரப்பாகப் போட்டு, அதன்மேல் பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு நகர்த்தி நிறுத்துவார்கள், மேளம் கட்டுவது என்பார்கள். சுருதி நகர்ந்தால் மெழுகை இளக்கி மறுபடி கட்டலாம். "இதுல ஆணி மாதிரி அடிச்சு வச்சுட்டான், தப்பா அடிச்சா அதோட சரி" என்றார். நியாயம்தான், ஆனால் கிட்டாரில் அது காதுக்கு விடாத கணக்கு. மீதமிருக்கிற கம்பி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்து அடுத்த ஃப்ரெட்டின் இடத்தைக் குறிப்பார்கள், 648 மில்லிக்கு முதல் ஃப்ரெட் 36.4 மில்லியில் வரும்.

வச்சிரத்தை எப்படிக் காய்ச்சுவது என்று அவர் காட்டியதுதான் அன்றைக்குக் கிடைத்த பெரிய லாபம். மணிமணியாக இருப்பதை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் அது உப்பிப்போய்ச் சவ்வரிசி மாதிரி இருக்கும். நேராக அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து இளக்க வேண்டும். கொதித்தால் பசையின் பலம் போய்விடும், 60 டிகிரி பக்கத்தில் நிறுத்த வேண்டும். அவருக்குத் தெர்மாமீட்டர் இல்லை, விரலை விட்டுப் பார்க்கிறார். குச்சியைத் தூக்கினால் தேன் மாதிரி நூலாக விழ வேண்டும், சொட்டுச் சொட்டாக விழுந்தால் தண்ணீர் அதிகம். பூசிய பிறகு ஒரு நிமிஷத்துக்குள் சேர்த்து இறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஜெல்லி கட்டிவிடும். "மே மாசத்துல செய்யிறீங்க, மின்விசிறிய மட்டும் நிறுத்திடுங்கம்மா, மத்ததை வெயில் பாத்துக்கும்" என்றார். கிளம்பும்போது பலா மரத்தில் மெல்லிய துண்டு ஒன்று கொடுத்தார், வீணைக் குடத்தில் மிஞ்சியது. காசு வாங்கவில்லை.

வேலை

சட்டங்கள் சுலபமாக முடிந்தன. சத்தத்துளைக்குள் கை போகும், கிளாம்ப் போகாது. அப்பா எம்8 போல்ட்டும் நீள நட்டும் வைத்து விரலளவு ஜாக்கிகள் நான்கு செய்துகொடுத்தார், பின்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே நிறுத்தி நட்டைத் திருப்பினால் சட்டம் மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. ரயில் பெட்டியைத் தூக்குகிறவர்களுக்கு இதெல்லாம் பொம்மை. பலாத் துண்டை 2.5 மில்லிக்கு இழைத்துப் பிரிட்ஜுக்கு அடித் தகடாக ஒட்டினோம். வழக்கமாக மேப்பிளோ ரோஸ்வுட்டோ போடுவார்கள், எங்களுக்குக் கிடைத்தது பலா. புடைப்பு 5 மில்லியிலிருந்து 2-க்கு இறங்கியது. மிச்சம் இரண்டு மில்லியை விட்டுவிட்டோம், ஐம்பது வருஷ ஒட்டுப்பலகை அதற்குமேல் கேட்காது.

பிரிட்ஜின் போல்ட்டைக் கழற்றித் துளைகளை ஈட்டிச் சிம்பால் அடைத்தேன். அடைத்தது திட்டாகத் தெரிந்தது. அப்பா பீரோவைத் திறந்து பழைய சட்டையிலிருந்து இரண்டு சிப்பிப் பட்டனை அறுத்துக்கொண்டு வந்து, "இதை மேல பதிச்சா கம்பெனி வேலை மாதிரி இருக்கும்" என்றார். இருக்கிறது.

இனி என் சொதப்பல். படித்தவரைக்கும், நெக்கும் உடம்பும் டவ்டெயில் என்கிற, புறா வால் மாதிரி விரிந்த இணைப்பில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செருகியிருக்கும், பதினைந்தாவது ஃப்ரெட்டைக் கழற்றி அந்த வெட்டில் சின்னத் துளை போட்டால் கீழே காலியிடம் இருக்கும், அதற்குள் நீராவி விட்டால் பசை இளகி நெக் தானாக வந்துவிடும். அம்மாவின் மூன்று லிட்டர் குக்கர், விசில் இடத்தில் ரப்பர் குழாய், அதன் நுனியில் ஃபுட்பாலுக்குக் காற்றடிக்கிற ஊசி. அம்மா சமையலறை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், எதுவும் சொல்லவில்லை, அதுவே பயமாக இருந்தது. இரண்டு துளை போட்டேன், 2.5 மில்லி துளைப்பானில். ஊசியைச் செருகினால் ஆவி உள்ளே போகவே இல்லை, போன வழியே திரும்பி வந்து குதிகாலைச் சுற்றி இருந்த பாலிஷை ஒரே நிமிஷத்தில் பால் மாதிரி வெளுக்க வைத்தது.

நிறுத்திவிட்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பட்டி முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு அந்த ஒரு மில்லிச் சந்தில் ஹாக்சா பிளேடை விட்டுப் பார்த்தேன். இரண்டு இடத்தில் முட்டியது, ஒன்றன்கீழ் ஒன்றாக, உருண்டையாக. டவ்டெயில் கிடையாது, கட்டிலுக்கு அடிப்பது மாதிரி இரண்டு மரமுளை, அவ்வளவுதான். 70 கிலோ இழுப்பை இத்தனை வருஷம் தாங்கியது விரல் மொத்தத்தில் இரண்டு மரமுளையும் கொஞ்சம் பசையும். தெரியாத ஆள் செய்த வாத்தியத்தில் புத்தகத்தை நம்பித் துளை போடக் கூடாது என்பதற்கு அந்த இரண்டு துளையும் இன்னும் பதினைந்தாவது ஃப்ரெட்டுக்கு அடியில் சாட்சி.

விரல் பலகையின் நுனி மேல் பலகையோடு ஒட்டியிருந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி மெல்லிய தகட்டை நுழைத்துப் பிரித்தேன். பட்டி போடுகிற அதே தகடு. பிறகு ஹாக்சா பிளேடாலேயே முளைகளை அறுத்ததும் நெக் கையோடு வந்துவிட்டது.

மறுபடி மரமுளை போட எனக்கு மனசில்லை. இங்கேதான் அப்பா எழுந்து உட்கார்ந்தார். அவருக்குப் பசையில் எப்போதும் நம்பிக்கை கிடையாது, "ஒட்டினது ஒரு நாள் விடும், முடுக்கினது விட்டா மறுபடி முடுக்கலாம்" என்பது அவர் கட்சி. பிரிட்ஜில் போல்ட் போட்டு நாசம் செய்ததை அப்போதுதான் பார்த்து முடித்திருந்ததால் முதலில் நான் முரண்டு பிடித்தேன். ஆனால் யோசித்தால் விஷயம் வேறு. பிரிட்ஜ் மெல்லிய பலகையில் நிற்கிறது, அந்தப் பலகை அதிர்ந்தால்தான் சத்தமே. அங்கே போல்ட் முடுக்கினால் இழுப்பு முழுவதும் இரண்டு புள்ளியில் விழுந்து மரம் கிழியும். நெக் சேருகிற இடம் அதிர வேண்டிய இடம் இல்லை, உள்ளே தடிமனான கட்டை இருக்கிறது, இறுக்கமாக நின்றால் போதும். டெய்லர் கம்பெனி கிட்டார்களில் நெக்கைப் போல்ட் போட்டுத்தான் மாட்டுகிறார்கள், அவை என்ன மட்டமான கிட்டார்களா?

ஒரு சிக்கல் இருந்தது. குதிகாலில் போல்ட் நுழைகிற திசையில் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது, நார் முனையில் மரை பிடிக்காது, இழுத்தால் பிய்த்துக்கொண்டு வரும். அப்பா ஓர் இரவு யோசித்துவிட்டுக் காலையில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு வைத்திருந்தார். குதிகாலின் அடியிலிருந்து மேல்நோக்கி 10 மில்லி துளை, அதில் 65 மில்லி நீளப் பித்தளை உருளை, அந்த உருளைக்குக் குறுக்கே இரண்டு எம்6 மரை. போல்ட் பித்தளையைப் பிடிக்கும், பித்தளை நாருக்குக் குறுக்கே நின்று மரத்தைப் பிடிக்கும். அரியமங்கலத்தில் தெரிந்த லேத் பட்டறை ஒன்றில் உருளையைக் கடைந்து, அங்கேயே நின்று அவரே மரை வெட்டினார். ரிட்டயர் ஆகிப் பதினான்கு வருஷம், டேப்பைப் பாதிச் சுற்று முன்னால் கால் சுற்று பின்னால் திருப்பும்போது கை ஆடவில்லை.

நெக்கை ஒட்டாமல் போல்ட்டில் மட்டும் மாட்டி, உப்புத்தாளை விரலகலத்துக்குக் கிழித்துச் சந்தில் செருகி, சொரசொரப்புப் பக்கம் குதிகாலைப் பார்க்க வைத்து, போல்ட்டை லேசாக முடுக்கிக்கொண்டு தாளை வெளியே இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஆறு இழுப்பு, அந்தப் பக்கம் ஆறு. நடுநடுவே ரூலை வைத்துப் பார்க்க வேண்டும். குதிகாலின் முனையில் மொத்தம் 0.2 மில்லி எடுத்தது, அதற்கு ஒரு மதியம் போனது. அவசரப்பட்டு ஒரு பக்கம் கூடிவிட்டால் நெக் பக்கவாட்டில் திரும்பிக் கம்பி ஓரத்துக்குப் போய்விடும். கடைசி இழுப்புக்குப் பிறகு ரூல் நுனி முட்டுகிற இடம் பிரிட்ஜின் மேல்விளிம்புக்கு ஒன்றரை மில்லி கீழே வரை ஏறியிருந்தது. புதுக் கிட்டாருக்கு இது போதாது, எங்கள் பலகைக்கும் 3 மில்லி சேடிலுக்கும் இது போதும். விரல் பலகையின் நுனியை மட்டும் வச்சிரம் வைத்து ஒட்டினேன், அடுத்த ஆள் பிரிக்க வேண்டியிருக்கும் இல்லையா.

ஃப்ரெட் மட்டம், சேடில் இரண்டும் சொல்ல அதிகமில்லை. முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி குழி பறித்திருந்தது, தட்டை அரத்தால் சமன் செய்து முக்கோண அரத்தால் முதுகு உருட்டினேன். சேடிலை எருமை எலும்பில் அறுத்தேன், வீடு முழுக்கப் பல் டாக்டர் கிளினிக் வாசனை. வெளுத்த பாலிஷுக்கு, மறைவான இடத்தில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், பிசுபிசுத்தது, அதனால் அரக்குப் பாலிஷ் என்று தெரிந்தது. துணியில் ஸ்பிரிட்டும் துளி அரக்கும் தொட்டுத் தடவியதில் முக்கால்வாசி தெளிந்தது. குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் அளவு வெள்ளை இன்னும் இருக்கிறது.

கம்பி ஏற்றிய பிறகு

பன்னிரண்டு கேஜ் இனி வேண்டாம் என்று பத்து கேஜ் போட்டோம், இழுப்பு 60 கிலோ அளவுக்கு இறங்கும். அதையும் அரைச் சுரம் கீழே சுருதி வைத்தால் இன்னும் 11 சதவீதம் குறையும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி 2.6 மில்லி, முதல் கம்பி 2.1. நெக் வளைவு 0.3. பழைய உயரத்தில் ஆறாவது கம்பியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி 15 சென்ட் ஏறிப் பேசும் (அரைச் சுரத்தில் நூறில் ஒன்று ஒரு சென்ட்), இப்போது 4. செலவு எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய், அதில் 800 குக்கருக்குப் புது கேஸ்கட்டும் அம்மா கேட்ட ஒரு புது வாணலியும்.

அப்பா முதலில் வாசிக்கவில்லை. எஃப் கார்டைப் பிடித்தார், ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார், ஆறும் பேசியது. கையை எடுத்து விரல் நுனியைப் பார்த்தார், மறுபடி பிடித்தார். பிறகு சொன்னது, "சத்தம் மெலிஞ்சு போச்சே பாப்பா."

உண்மைதான். மெல்லிய கம்பி, குறைந்த இழுப்பு, பலகையை அசைக்கிற பலம் குறைவு. முன்பு பின்கட்டு வரை கேட்கும், இப்போது கூடத்தோடு நின்றுவிடுகிறது. பதினோரு கேஜ் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன், "ஆறு மாசம் போகட்டும்" என்றார். போல்ட் வேலை எப்படி நிற்கிறது என்று பார்க்காமல் சுமையைக் கூட்ட மாட்டார்.

பெட்டிக்குள், அரித்துப்போன லேபிளுக்குக் கீழே, இப்போது இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறது. அப்பாவின் கையெழுத்தில்: எம்6 போல்ட் இரண்டு, ஆலன் கீ 5, அதிகம் முடுக்க வேண்டாம். கீயைக் கிட்டார் உறையின் ஜிப்பில் சணல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் படித்து முடித்ததும் குதிகால் சந்தில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்துப் பழைய டைரியில் தேதி போட்டுக் குறிக்கிறார். இருபத்து மூன்று வாரம் ஆயிற்று. இருப்பதிலேயே மெல்லிய தகடு ஒன்றரை தவ், அது இன்னும் உள்ளே போகவில்லை.